கியூவில் கட்டிய வீடு

ஒரு பிள்ளையைப் பேசாமல் இருக்கச் செய்வது சுலபமா, பேச வைப்பது சுலபமா, நீங்களே சொல்லுங்கள்? மலைநாட்டில் இங்கிலிஷ் கிளாஸ் நடத்தும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் விடை தெரியும். மற்ற டீச்சர்மார் "வாயை மூடு" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறார்கள். நாமோ "வாயைத் திற" என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டி, கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கிறோம்.

நான் படித்தது பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான். கல்யாணத்துக்கு முன்னால் எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுசில் நாலு வருசம் வேலை பார்த்தேன். அங்கே வந்தவர்களோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதுதான் என் இங்கிலிஷ். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைமடுவத்தில் கிளாஸ். மற்ற நாட்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஒரு மூலையில் என் மூணு வயது மகன் சேலைத் தொட்டிலில் தூங்குவான். மிச்ச இடமெல்லாம் முப்பது பிள்ளைகள்.

அதில் ஒருத்தி நிரோஷா, கங்காணி செல்வராசா அண்ணனின் மூத்த மகள். ஓ லெவல் பரீட்சை எழுதி முடித்தவள். எல்லயில் ஒரு ஹோட்டலில் பயிற்சிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. இங்கிலிஷ் பேசினால் கவுன்டர், பேசாவிட்டால் துணி துவைக்கிற லோண்டரி. நிரோஷா வாசிப்பாள், எழுதுவாள், சொன்னதெல்லாம் அவளுக்கு விளங்கும். வாய் மட்டும் திறக்காது. அந்த வாயைப் பூட்டியது யார் என்று தேடிய வருசத்தில் எனக்குச் சேர்ந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

மூணு மணிக்குக் காலை

முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது மணி மூன்று. முப்பது பேரும் எழும்பி, பஜனை மாதிரி இழுத்து, "குட்... மார்னிங்... டீச்சர்!" என்றார்கள். என் மகன் திடுக்கிட்டு எழும்பி அழுதான். உட்காருங்கள் என்று தமிழில் சொன்னால் உட்காரவில்லை. "சிட் டவுன்" சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்கள், அதுவும் "தேங்க் யூ டீச்சர்" பாடிவிட்டு. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு நாய் எட்டிப் பார்த்தது. விளையாட்டாக, "அதுக்கும் சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். எழும்பினார்கள். "குட் மார்னிங் டீச்சர்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இத்தனை வருசம் பள்ளிக்கூடம் போய்க் கிடைத்தது இந்த ஒரு பாட்டுத்தானா? "ஏன்டா கண்ணு, மூணு மணிக்கு என்ன குட் மார்னிங்?" என்று முன்வரிசைப் பொடியனைக் கேட்டேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "இங்கிலிஷ் பாடம் காலையிலதான் டீச்சர் நடக்கும். மத்தியானத்து இங்கிலிஷ் எங்களுக்கு இன்னும் வரல."

இருக்கிற ஒரே வாக்கியம்

சுற்றுலா வருகிறவர்கள் ரயில் பாதையோரம் நடப்பார்களே, அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். நீங்கள் எந்த ஊர், எங்கள் மலை பிடிச்சிருக்கா என்று கேட்கத்தான் மூணு ஞாயிறாகப் பழக்கியிருந்தேன். முதல் வெள்ளைக்காரப் பெண்மணி தெரிந்ததும் நிரோஷாவின் தம்பி மது பாய்ந்தான்: "ஸ்கூல் பென்! ஸ்கூல் பென்!" அந்தம்மா உருகிப்போய்ப் பேனாவும் டொபியும் கொடுத்து, தலையைத் தடவி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிசம் இருபது கை நீண்டது. எந்த ஊர் என்று கேட்க ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். மது அழுதான், அந்தம்மா முகம் சிவந்தது, எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நிரோஷாவைத் தேடினால், தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தி, அறுந்தே போகாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஆட்டோவில் சாய்ந்தபடி பார்த்த டிரைவர் தம்பி கேட்டான்: "விடுங்கக்கா, நீங்க மூணு கிழமையா படிச்சுக் குடுத்ததுக்கு ஒரு டொபியாச்சும் கிடைச்சுதா?"

சிவப்பு மை

வற்புறுத்திக் கேட்டதில் நிரோஷா ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பத்தாம் ஆண்டுக் கட்டுரை, 'என் வீடு'. "மை ஹவுஸ் இஸ் இன் த லைன்" என்று தொடங்கியிருந்தாள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது என்று அடுத்த வரி. 'லைன்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் 'கியூ?' என்று பெரிய கேள்விக்குறி. அதை இங்கிலிஷ் மாஸ்டர் வகுப்பில் வாசித்தும் காட்டியிருக்கிறார். மணி அடிக்கும்வரை சிரிப்பாம். அன்றிலிருந்து அவளுக்குப் பட்டப்பெயர் 'கியூ'. வாய் அன்றைக்குப் பூட்டியதுதான்.

மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அந்த மாஸ்டர் கெட்டவர் இல்லை, உட்காரக் கதிரை போட்டுத் தந்தார். வெள்ளைக்காரன் கட்டிய லைன்தான் எங்கள் வாயில் லயமானது, அது தப்பில்லை என்று விளக்கினேன். இந்த ஊருக்கு வந்து மூணு வருசமாகியும் ஒரு லயத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. பொறுமையாக எனக்கே பாடம் எடுத்தார்: "இஞ்ச பாருங்கோ தங்கச்சி, லைன் எண்டால் கியூ. கியூவில ஆராவது வீடு கட்டுவினமோ?"

வெள்ளைக் கொப்பி

அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு விளையாட்டு தொடங்கினேன். ஒருத்தர் கண்ணைக் கட்டிக்கொள்ள, மற்றவர்கள் இடது, வலது, நில் என்று இங்கிலிஷில் வழி சொல்லித் தேத்தண்ணிக் கோப்பை இருக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நிரோஷா கண்ணைக் கட்டிக்கொள்ள மட்டும் முன்வருவாள். கண் கட்டியவர் பேச வேண்டியதில்லை, பாருங்கள்!

நாலாம் கிழமை செல்வராசா அண்ணன் கொப்பியோடு வந்து நின்றார். "என்ன தங்கச்சி, புள்ளையோட கொப்பி பால் மாதிரி வெள்ளையா இருக்கு?"

"பேசப் பழக்குறேன் அண்ணே. இன்டர்வியூல பேசத்தானே சொல்லுவாங்க?"

"பேசுதா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எழுத்தும் இல்ல, பேச்சும் இல்ல. லோண்டரிக்கு எதுக்கு இவ்வளவு கூத்து? கொழுந்தே போடாத கூடையத் தராசுல வச்சு நிறுக்கச் சொல்றீங்க."

ஒளிந்திருந்த சொற்கள்

அவர் தராசைச் சொல்லிவிட்டுப் போன கோபத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. "உங்க லயத்துல இங்கிலிஷ் ஒளிஞ்சிருக்கு, பிடிச்சிட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்பினேன். அடுத்த ஞாயிறு பிள்ளைமடுவத்தில் மீன் சந்தை மாதிரி சத்தம். மது விளக்குக்கு ஊற்றும் லாம்பெண்ணெயைப் பிடித்துவந்தான், அதற்குள் 'லாம்ப்' இருக்கிறதாம். ஒருத்தி, வேலைக்கு வந்தவர்கள் பெயர் பதிகிற செக்ரோலைச் சொன்னாள். இன்னொருத்தன் கொழுந்து போய்த் தூளாகிற ஸ்டோரைச் சொல்ல, "அது என்னோடது" என்று பக்கத்திலிருந்தவன் அடிக்கப் போனான்.

பின்வரிசையில் நிரோஷாவின் கை மெதுவாக உயர்ந்தது. "பெரட்டு, டீச்சர். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிறாங்களே, அந்தப் பெரட்டு. அது 'பரேட்'." கை கீழே இறங்கவில்லை. "அப்ப லயமும் லைன்தானே? அப்ப நான் எழுதினது..." நிறுத்தினாள். முகம் சிவந்தது. பிறகு சத்தமாக, "ஐ வாஸ் ரைட்!" என்றாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் இங்கிலிஷ் வாக்கியம். ஒரு வணக்கம், ஒரு நன்றி இல்லை. நேரே கோபம்! மதுவைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற செல்வராசா அண்ணனுக்கு மட்டும் பொறுக்கவில்லை: "பெரட்டு எங்க பாட்டன் காலத்துத் தமிழ்! வெள்ளைக்காரன்தான் நம்மகிட்ட களவாண்டிருப்பான்."

பன்னிரண்டு வீடு, ஒரே கூரை

இன்டர்வியூவுக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். கதவு பாதி திறந்திருந்ததால் வெளியே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. கொழும்பிலிருந்து வந்த மனேஜர் இங்கிலிஷில் கேட்டார், எங்கே இருக்கிறாய் என்று. "லைனில்" என்றாள். அவர் சிரித்தார். "லைன் என்றால்? கியூவிலா?" நான் எழும்பிவிட்டேன், மகனை இடுப்பில் வைத்தபடி. மறுபடியும் பூட்டிவிடப் போகிறார்கள் பாவிகள்!

கதவைத் தள்ளக் கை நீட்டினேன். அதற்குள் நிரோஷாவின் குரல், எல்லாம் இங்கிலிஷில்: "நோ சேர். லைன். பன்னிரண்டு வீடு, ஒரே கூரை. கட்டினதும் இங்கிலிஷ்காரன், பேர் வச்சதும் இங்கிலிஷ்காரன். ஒழுகுற இடத்துல சட்டி வைக்கிறது மட்டும்தான் நாங்க." அதோடு நிற்கவில்லை. பெரட்டு, செக்ரோல், லாம்பெண்ணெய் எல்லாம் வந்தது. இலக்கணம் அங்கங்கே இடறியது, அவள் இடறவில்லை. கடைசியில் மனேஜர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னது இதுதான்: "கவுன்டர். லோண்டரியில் இதையெல்லாம் கேட்க ஆள் இல்லை."

ஆக, என் தொழிலின் சுருக்கம் என்னவென்றால், ஒரு பிள்ளையின் வாயைத் திறக்க நான் ஒரு வருசம் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தேன், அவள் வேலைக்குச் சேர்ந்த மூணாம் கிழமையே அந்த மனேஜர் தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குப் போனில் கோல் எடுத்துக் கெஞ்சினார்: "டீச்சர், அந்தப் பிள்ளைய கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க, ப்ளீஸ். கெஸ்ட் எல்லாம் லயம் பாக்கணும்னு கவுன்டர்ல கியூ!"