முன்மேசையில் இருந்த நால்வர்

மாலை ஏழே முக்காலுக்கு, முன்மேசையில் இருந்த நால்வரில் ஒருவன் மேடையைப் பார்த்து, "ஹிட்லர் உங்கள் ஆட்களைப் பாதியில் விட்டுவிட்டான்டா" என்று கத்தினான். பலர் சிரித்தார்கள்.

மேடையில் நின்றவர் ஊர் ஊராகப் போய்த் தனியாக நகைச்சுவை சொல்லும் யூத இளைஞர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியில் ஒரு பப்பில் அன்றும் மறுநாளும் நிகழ்ச்சி. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் வாசலில் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போக வந்த நான் பக்கத்தில் நின்றேன்.

தன் பெயரையும் தான் யூதன் என்பதையும் சொல்லித் தொடங்கியிருந்த அந்த இளைஞர் கோபப்படவில்லை. "என் பெயரைச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

சிரிப்பு நின்றது. நால்வரும் எழுந்து வந்து, அவர் வெளியே வரட்டும் என்று வாசலை அடைத்து நின்றார்கள். மகளின் மேசையை ஒருவன் காலால் தள்ளினான்.

என் கை தானாக நெற்றிக்குப் போய்ப் பொட்டை அழித்தது. எண்பத்து மூன்று யூலையில் கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது, பஸ்ஸுக்குள் அப்படித்தான் அழித்தேன். இங்கே என்னை ஒருவரும் பார்க்கக்கூட இல்லை. இந்த நாட்டில் நிம்மதியாக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தவள் நான்.

"பிள்ளை, பின்பக்கத்தால போவம், வா."

"அவர் தனிய நிக்கிறார் அம்மா. நான் வரேல்லை. பயமெண்டால் நீங்கள் காருக்குள்ள இருங்கோ."

போகவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் பப்பின் மேலாளர் வந்தார். நால்வரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அந்த இளைஞரிடம் போனார். மேலாளரின் குரலில் இருந்த கனிவுதான் இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

"நாளைக்கு யூதன் என்று சொல்லாமல் ஆரம்பியுங்கள். ஒரு பிரச்சினையும் வராது."