படகு ஜிபிஎஸ்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வளைகாப்புக்குப் போனது

எங்கள் வீட்டுக்கு ஜீப் வந்த வருஷம், கோடையில், என் தம்பி மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். அவளைக் கொடுத்திருப்பது சுண்ணாம்புக்குளத்துப் பக்கம், ஏரியை ஒட்டிய ஒரு ஊர். நாங்கள் இருப்பது கோட்டைக்குப்பம். மற்ற நாளாக இருந்தால் பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அவள் ஊர் வந்துவிடும். அந்தக் கோடையில் பார்த்து வாய்க்கால் பாலத்தை இடித்துப் போட்டிருந்தார்கள். பஸ் அந்தப் பக்கம் போவதே இல்லை. சுற்றிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர முடியும், சடங்குக்கு முடியாது.

சாப்பாட்டுக்குப் போகிறவள் இல்லை நான். எங்கள் பக்கத்தில் வளைகாப்புக்கு முதல் வளையல் போடவேண்டியது பெண்ணுடைய அப்பாவின் கூடப் பிறந்தவள். அது நான். அந்தப் பெண் பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியதும் நான்தான். ஆனால் அவள் மாமியாருக்கு ஒரு அக்கா இருந்தாள். வாட்டசாட்டமான பொம்பளை, எந்தக் கல்யாணத்திலும் முன்வரிசையில்தான் உட்காருவாள். பாலம் இடிந்த சங்கதி தெரிந்ததும் அவள், அத்தைக்காரி வர நேரமானால் நானே போட்டுவிடுகிறேன், நல்ல நேரம் யாருக்காகவும் உட்கார்ந்திருக்காது என்று சொல்லிவிட்டாளாம். இதைச் சொல்ல என் தம்பி மகளே போன் செய்தாள்.

"அத்த, நீ வந்து போட்டாதான் எனக்கு நிம்மதி. அவங்க கையால போட்டுக்க எனக்கு இஷ்டம் இல்ல."

"நான் வந்துடுவேன்டி. நீ சந்தோசமா இரு" என்று சொல்லிவிட்டேன். எப்படி வரப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வழி சொன்னது என் மகன். கடலுக்கும் ஏரிக்கும் போகிறவன். மூன்று பேருடைய கை மாறி வந்த ஒரு ஜீப்பை வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தான். ஏரியின் அந்தக் கோடி காய்ந்து கிடக்கிறது, பாலத்துக்கு முன்னாடியே ரோட்டை விட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டால் நேராகப் போய் அவள் ஊர்க் கரையில் ஏறிவிடலாம் என்றான். டிராக்டர், பைக் எல்லாம் அப்படித்தான் போய் வருகின்றன என்றும் சொன்னான்.

காய்ந்த ஏரியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். உள்ளே ரோடு கிடையாது, மரம் கிடையாது, கேட்பதற்கு ஆள் கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் உப்புப் பூத்து ஒரே வெள்ளை. வெயில் ஏறிவிட்டால் கானல் வந்துவிடும். கரை இருக்கிற இடத்தில் தண்ணீர் தெரியும், தண்ணீர் இருக்கிற இடத்தில் கரை தெரியும். அதனால் வழி காட்டுகிற மிஷின் ஒன்று வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எந்த மிஷின் என்பதில்தான் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

என் தம்பி காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவனுக்கு எதுவும் பெட்டியோடு வந்தால்தான் பிடிக்கும். அவன் மெட்ராஸ் கடையிலிருந்து ஒரு மிஷின் கொண்டுவந்தான். கண்ணாடியில் ஒட்டிவைக்கிற மாதிரி ரப்பர் கிண்ணம் வைத்தது. அதற்குள் ஒரு பெண் தமிழ் பேசினாள். நல்ல மரியாதை. "வலது பக்கம் திரும்பவும்" என்பாள். என்னிடம் இத்தனை வருஷத்தில் அப்படிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

தம்பி பெண்டாட்டி, போன் இருக்கும்போது இது எதற்கு என்றாள். போனிலேயே உலகம் முழுக்க இருக்கிறது, போன மாசம் திருப்பதியில் லட்டு கவுண்ட்டரைக்கூட அதுதான் காட்டியது என்றாள்.

என் மகன் படகு ஜிபிஎஸ்ஸை எடுத்து வைத்தான். கைக்கு அடக்கமானது. உப்புக் காற்று படாமல் பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அதன் நெற்றியில் குங்குமமும் வைத்திருந்தான்.

சரி, மூன்றையும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நான் சொன்னேன். தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் போன். அது எங்கள் வீட்டை ஏரிக்கு நடுவில் காட்டியது. தம்பி சிரித்தான். என் ஆயுசில் பாதி ஏரிக்குள்தானே போயிருக்கிறது, அது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று நான் சொன்னேன். பிறகு தம்பியின் மிஷின். அவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தான், பின்னால் நாங்கள் நடந்தோம். வலது, இடது, நேராக என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லி, ஐஸ் கம்பெனியின் பின்பக்கச் சுவரில் கொண்டுபோய் முட்டவிட்டு, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றாள் அந்தப் பெண். ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்து இன்னா விஷயம் என்று கேட்டான். வீட்டைத் தேடறோம் என்று தம்பி சொன்னான். அவன் பிறந்த ஊர் அது.

படகு மிஷினுக்கு எங்கள் வீடு எதுவென்றே தெரியவில்லை. அதில் வீடும் இல்லை, தெருவும் இல்லை. கோடுகள்தான் இருந்தன. என் மகன் கடலுக்குப் போய்வந்த கோடுகள், ஏரிக்குள் போய்வந்த கோடுகள், சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் எனக்கு வரும், இங்கிலீஷ் வராது. அவனுக்கும் அப்படித்தான். அதனால் குறி வைக்கிற இடத்திலெல்லாம் படமாக வைத்திருந்தான். மீன் கிடைக்கிற இடத்தில் மீன் படம், வலை கிழிக்கிற பாறைக்கு மண்டையோடு. ஒரு கோடு மட்டும் வெகுதூரம் போய், வளைந்து நெளிந்து, சுற்றிச் சுற்றித் திரும்பியிருந்தது. அது எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. காற்று மாறி அவர்கள் வர நேரமாகி, நான் கரையில் உட்கார்ந்திருந்த நாள் எனக்குத் தெரியும். எந்தக் கோடாக இருந்தாலும் கடைசியில் எங்கள் கரையில்தான் வந்து முடிந்தது.

"இதுதான்" என்று சொன்னேன். ஏரிக்குள் இந்தக் கரைக்கும் அவள் ஊர்க் கரைக்கும் ஒரு கோடும் அதில் இருந்தது. மழைக்காலத்தில் இறாலுக்குப் போனபோது அவன் போட்ட கோடு. அதற்குமேல் என்ன வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஊரில் கடல் படகில் பெண்கள் ஏறுகிற வழக்கம் இல்லை. அந்தப் படகுக்காக நான் எத்தனையோ நாள் மீன் கூடை சுமந்திருக்கிறேன், ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. அதன் மிஷின் என் மடியில் உட்கார்ந்து வரும் என்றால் நான் வேறு எதைச் சொல்வேன்.

காலையில் கிளம்பும்போது நான் ஒன்று சொன்னேன். படகில் செருப்புப் போட்டு ஏறமாட்டோம் இல்லையா, படகின் பொருள் வண்டிக்குள் இருக்கும்போது வண்டிக்கும் அதுதான் முறை என்றேன். தம்பி, துறைமுகத்தில் கொடுத்த புது ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழற்றினான். நான்கு பேருடைய செருப்பும் வாசலிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் வரவில்லை. அவர் புயலுக்குப் பயப்படாதவர், அந்த ஜீப்புக்குப் பயந்தவர்.

மடியில் மஞ்சள் பை, அதற்குள் பச்சைக் கண்ணாடி வளையல், அதன்மேல் படகு மிஷின். இப்படி நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். தம்பி, தன் மிஷினும் வரட்டும் என்று அதைக் கண்ணாடியில் ஒட்டினான். தம்பி பெண்டாட்டி போனைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் போகிறவரை அவை இரண்டும் ஒரே வழியைத்தான் சொல்லின. ஏரிக்குள் இறங்கியதும் போனில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பியின் மிஷினில் எங்கள் ஜீப் நீலத் தண்ணீருக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண், முடிந்தால் திரும்பிச் செல்லவும், முடிந்தால் திரும்பிச் செல்லவும் என்று விடாமல் சொன்னாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணாடியிலிருந்து கழன்று, சீர்த் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலைமேல் விழுந்தாள். விழுந்தும் மரியாதை குறையவில்லை.

என் மடியில் இருந்த மிஷின் ஒன்றும் பேசவில்லை. அதன் கோட்டின்மேல் ஜீப் அம்புக்குறி மாதிரி போனது. நான் கையைக் காட்டினேன், மகன் வண்டியைத் திருப்பினான். கொஞ்ச தூரத்தில் டிராக்டர் தடம் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிப் போயின.

"ம்மா, டிராக்டர் தடம் அந்தாண்ட போவுதும்மா" என்றான் மகன்.

"டிராக்டர்காரனுக்கா வளைகாப்பு? நீ கோட்டுமேல போ."

போனான். முன்சக்கரம் முதலில் உப்புப் பொருக்கை உடைத்தது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. பிறகு மெதுவாக, எருமை படுப்பது மாதிரி, ஜீப் முன்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தது. எதிரே ஒரு வாய்க்கால் அகலத்துக்கு நிஜத் தண்ணீர் கிடந்தது. மகன் இறங்கினான், முழங்கால் வரை போனான். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ம்மா, இது படகு போற வழிம்மா. படகு ஆழம் பாத்துதான போவும். ஆழம்தான கடைசியா காயும்."

இது எங்கள் நான்கு பேருக்கும் தெரிந்த விஷயம்தான். ஏரியிலேயே பிறந்து ஏரியிலேயே வளர்ந்தவர்கள். ஆனால் தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மிஷின்மேலும் தப்பில்லை. அது படகு போகிற வழியைக் கேட்டால் படகு போகிற வழியைச் சொல்கிறது. ஜீப்தான் படகாக இல்லை.

"திரும்பிப் போன்னு அந்தப் பொண்ணு அவ்ளோ சொன்னாளே அக்கா" என்றான் தம்பி.

"அவ ஐஸ் கம்பெனி சுவத்துல முட்டினவ" என்றேன்.

அந்தச் சேற்றில் ஒருவர் செருப்பும் போகவில்லை, ஒரு ஷூவும் போகவில்லை. அதற்கு யாரும் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தம்பி மகளிடம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். கரை கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கும் எனக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீரும் சேறும். வளையல் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜீப்பின் சீட்டில் ஏறி நின்றேன்.

வாய்க்காலுக்குள் இரண்டு பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இறால் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, குந்தியபடி கழுத்துவரை தண்ணீரில் இருந்தார்கள். அவர்கள் சாமான் வைக்க ஒரு தெர்மோகோல் தெப்பம், நாலு பலகையைச் சேர்த்து வலைக்கயிற்றால் கட்டியது, பக்கத்தில் மிதந்தது. ஜீப்பைப் பார்த்ததும் ஒருத்தி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா அத்த, வண்டிய இறால் புடிக்க எறக்கிட்டீங்களா?"

"வளைகாப்புக்குப் போறோம்மா. முத வளையல் என்னுது."

அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் தெப்பத்திலிருந்த சாமானை இறக்கிக் கரைமேட்டில் வைத்துவிட்டு, அதை ஜீப்பின் மூக்குவரை இழுத்து வந்தார்கள். ஏறி உட்காரு, ஆடாத, பேசாத என்றார்கள். ஏறும்போது சேற்றில் ஒருமுறை நன்றாக உட்கார்ந்து, பிறகுதான் தெப்பத்தில் உட்கார்ந்தேன். ஒருத்தி முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், ஒருத்தி பின்னால் தள்ளினாள். மடியில் வளையல், வளையல்மேல் மிஷின். திருவிழாவில் தெப்பத்தில் வருகிற அம்மன்கூட இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டாள். மிஷினைப் பார்த்தேன். கோட்டிலிருந்து ஒரு நூல் விலகாமல் போய்க்கொண்டிருந்தோம். நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று திரும்பிச் சத்தமாகச் சொன்னேன். தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தாம்பாளத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு இடுப்பளவில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வண்டியை இழுக்க டிராக்டர் ஏதாவது வரும் என்று மகன் ஜீப்பின்மேல் உட்கார்ந்திருந்தான்.

கரையிலிருந்து அந்த வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பந்தலில் பொம்பளைகள் நிறைந்திருந்தார்கள். நடுவில் என் தம்பி மகள் மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் மாமியாரின் அக்கா, கையில் வளையலோடு, முகமெல்லாம் வியர்த்து நின்றாள். ஏன் போடாமல் நிற்கிறாள் என்று கிட்டே போனபிறகுதான் தெரிந்தது. பெண் இரண்டு கையையும் மூடி, இறுக்கி, மடியில் வைத்திருந்தாள். முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு. மூடின கையில் கண்ணாடி வளையல் ஏறுமா. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ.

அந்தம்மா திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கால் என்று ஒன்றும் தெரியவில்லை, சேறுதான் தெரிந்தது.

"எந்த வழியா வந்தீங்க?"

"படகு வழியா."

"படகு எங்க?"

"வீட்ல."

தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அவளே செம்பைச் சாய்த்து என் கைக்கு ஊற்றினாள். முழங்கைவரை கழுவினேன். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து, கையைக் கொடுடி என்றேன். கொடுத்தாள், ஆனால் திறக்க வரவில்லை. இறுக்கி இறுக்கி விரல் மரத்துப்போயிருந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்த குழி இருந்தது. அதை என் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, முதல் வளையலை ஏற்றினேன். அடுத்ததை அந்தம்மாவிடம் எடுத்துக் கொடுத்தேன். அவள் போட்டாள். பெண் இந்தத் தடவை கையை மூடவில்லை.

பிறகு எல்லோருக்கும் சந்தனம் பூசினார்கள். அந்தம்மா என்னிடம் வந்து என் கன்னத்தில் பூசினாள். அங்கே ஏற்கெனவே ஏரிச்சேறு காய்ந்து போயிருந்ததால் சந்தனம் பிடிக்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் தூக்கு என்று சொல்லி, புடவைத் தலைப்பால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் பூசினாள்.