இரண்டு பேருக்கு ஒரே அம்மா

எங்கள் ஜப்பானிய மொழி வகுப்பில் அவளுக்கு ஹை அக்கா என்று பெயர். வாத்தியார் எதைக் கேட்டாலும், புரிகிறதோ இல்லையோ, ‘ஹை’ என்று தலையாட்டிவிடுவாள். ஆமாம் என்று அர்த்தம். பகலில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, வீட்டில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மா. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு, நல்ல வைத்தியத்துக்குச் சம்பளத்தை அனுப்பலாம் என்பது அவள் கணக்கு.

தனியாக வரக் கூச்சப்பட்டு, ஜவுளிக்கடையில் பில் போடும் தன் சித்தி மகளையும் வகுப்பில் சேர்த்துவிட்டது அக்காதான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடையில் விலை கேட்பது, வழி விசாரிப்பது எல்லாம் முடிந்ததும் சுய அறிமுகத்துக்கு வந்தார். சொந்தக் கதையைச் சொன்னால் கிளிப்பிள்ளைபோல் ஒப்பிப்பீர்கள் என்று, பக்கத்தில் இருப்பவர் கதையைத் தன் கதையாகச் சொல்ல வைத்தார். அதனால் அக்கா பில் போடுகிறவள் ஆனாள். சித்தி மகள், அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புண் வராமல் புரட்டிப் போடுகிறவள் ஆனாள். அவள் தடுமாறும்போதெல்லாம் எடுத்துக்கொடுத்தது அக்காதான்.

நேர்காணலன்று நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அந்த ஒரே வேலைக்கு அவர்கள் இருவரும் மனுப் போட்டிருந்தார்கள்; நான் சும்மா துணைக்குப் போயிருந்தேன். அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். சித்தி மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்குப் படபடன்னு வருது. நான் முதல்ல போயிட்டு வந்துடட்டுமா?”

“போயிட்டு வா. பயப்படாத.”

நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. உள்ளே பேசுவது வெளியே கேட்டது. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஏன் விருப்பம் என்று உள்ளே இருந்த ஜப்பானிய அம்மாள் கேட்டாள். என் அம்மா நடமாட முடியாதவர் என்று சித்தி மகள் தொடங்கினாள். பழக்கதோஷத்தில் வந்துவிட்டது என்று நினைத்து அக்கா சிரித்தாள். ஓரிடத்தில் அவள் தயங்கியபோது, அடுத்த வார்த்தையை இங்கிருந்தே வாய்க்குள் சொன்னாள். கதை நிற்கவில்லை. குளிப்பாட்டுவது வந்தது, ஊட்டுவது வந்தது, கடைசியில் ஒரு விசும்பல்கூட வந்தது. அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

பிறகு அக்கா போனாள். அவளுக்கென்று இருந்த ஒரே கதையைச் சொன்னாள். இதை இப்போதுதான் கேட்டோம், தயவுசெய்து உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றாள் அந்த அம்மாள், மிகவும் மரியாதையாக. ஜவுளிக்கடைக் கதையும் அக்காவுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை சித்தி மகளுக்குக் கிடைத்தது.

அக்கா வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் சித்தி மகள் புதுப் பையோடு வந்து நின்றாள். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“பெரியம்மாவுக்கு விளங்காமப் போனது எந்தக் கை, அக்கா? அங்க போனதும் கேட்டாங்கன்னா சொல்லணுமே.”

எனக்குக் கை பரபரத்தது. அக்கா நிமிரக்கூட இல்லை. சித்தி மகளே மறுபடியும் பேசினாள்.

“கோவமா இருக்கியா? பெரியம்மாவும் எனக்கு அம்மாதானக்கா.”

அக்கா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

“அப்ப வா. அம்மாவப் பொரட்டணும், இந்தப் பக்கம் புடி.”

சித்தி மகள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். எங்கே கை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.