மாமா சொன்னதும் நான் சொன்னதும்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் கதைக்கிற உத்தியோகம் என்னுடையது. பதினொரு வயதில் அது என் தலையில் விழுந்தது. வைத்தியர், வங்கி, தொலைபேசிக் கம்பனி என்று யாரோடு கதைக்க வேண்டியிருந்தாலும் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றில்லை. பிள்ளை வெள்ளைக்காரி மாதிரிக் கதைக்கிறாள் என்று நாலு பேருக்குக் காட்டுவதில் ஒரு பெருமை. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில் எங்கள் தொடர்மாடியில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு இதே உத்தியோகம்தான். இதில் ஒரு வசதியும் இருந்தது. ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்வதை அம்மாவுக்குச் சொல்லும்போது வேண்டாத இடங்களை விழுங்கிவிடலாம். அந்தக் கலையில் நான் பெரிய கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதத் தொடங்கவே முகம் சுடுகிறது.

மாமா, அதாவது அம்மாவின் தமையன், எங்களோடுதான் இருந்தார். கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்தவர். கண்ணில் அழுத்தம் கூடிக்கூடி, நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது பார்வை முழுதாகப் போய்விட்டது. மனுசன் அதற்காக மூலையில் குந்திவிடவில்லை. வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறுவார். வீட்டுக்கு எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் முதலில் அவர் கையில் கொடுக்க வேண்டும். தடவுவார், மடக்கிய விரல் கணுவால் தட்டுவார், மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தும் பார்ப்பார். பிறகு, "உது ஒரு மாசம் தாங்காது" என்று தீர்ப்புச் சொல்லுவார். பெரும்பாலும் தாங்காது.

எங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த நீளச் சுவரில் நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் ஒரு பெரிய ஓவியம் வந்தது. பனிக்குள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற எங்கள் பகுதிச் சனத்தைத்தான் கீறியிருந்தார்கள். சேலைக்கு மேல் குளிர்க்கோட் போட்ட ஒரு அன்ரி, தலைப்பாகை கட்டிய ஒருவர், சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போகிறவர்கள், பின்னால் இலையில்லாத மரங்கள். மாமா நாள்தோறும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் பஸ் ஏறினார். என்ன கீறிக் கிடக்கு என்று என்னைக் கேட்டார். சனம் நிக்குது என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன்.

ஆகவே, கண் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்க அந்த ஓவியத்தைப் புடைப்பாக ஒரு தகட்டில் செய்து சுவரில் பூட்டப்போகிறோம், மாதிரியைத் தடவிப் பார்த்துக் குறைநிறை சொல்ல வாருங்கள் என்று ஓவியக் குழுவிடமிருந்து அழைப்பு வந்தபோது, மாமா துள்ளாத குறை. கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரிச் சேர்ட்டை அயன் பண்ணி வைத்தார். அம்மா வழக்கம்போல என்னைப் பிடித்துத் தள்ளினார்.

"இவளையும் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. வடிவா எடுத்துச் சொல்லுவாள்."

மண்டபத்தில் ஒரு நீள மேசையில் இரும்பில் செய்த மாதிரித் தகடு கிடந்தது. கண் தெரியாதவர்கள் ஐந்தாறு பேர் ஒவ்வொருவராக வந்து தடவினார்கள். ஓவியத்தைக் கீறிய இளம் பெண், நகத்துக்குள் போன நிறம் போகாத கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். குழுவைச் சேர்ந்த இன்னொரு பெண் குறிப்புப் புத்தகத்தோடு நின்றாள். இதெல்லாம் பரவாயில்லை. பழச்சாறு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் என் வகுப்புப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை காட்டினார்கள்.

மாமா தன் வேலையைத் தொடங்கினார். இரண்டு கையாலும் தடவினார். டொக் டொக் என்று தட்டினார். குனிந்து மணந்தும் பார்த்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கச் சிரித்தார். "எடி பிள்ளை, உந்த மனுசிக்கு மூக்கு எங்கை?"

என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐயோ, இந்த மனுசன் ஏன் மற்ற ஆட்களைப் போல மெல்லமாகத் தொட்டுவிட்டுப் பேசாமல் இருக்கக்கூடாது?

மாமா பேசாமல் இருக்கவில்லை. ஐந்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னார்.

"வடிவாச் சொல்லு பிள்ளை. ஆளுக்கும் மரத்துக்கும் ஒரே மாதிரிக் கோடு விட்டிருக்கினம். ஆள் எது, மரம் எதெண்டு விரலுக்குப் பிடிபடாது. ஆக்களைச் சொரசொரப்பா விடச் சொல்லு. மற்றது முக்கியம், உதை இரும்பிலை செய்ய வேண்டாம். தை மாசத்திலை இரும்பிலை ஆர் கை வைப்பினம்? கிளவ்ஸைக் கழட்டினா விரல் விறைச்சுப்போம், கழட்டாட்டி ஒண்டுமே தெரியாது. நல்ல பிளாஸ்ரிக் இருக்கு, வெயிலுக்கும் பனிக்கும் வெடிக்காது. எதெண்டு நான் சொல்லுறன், எழுதச் சொல்லு."

குறிப்புப் புத்தகக்காரி பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஓவியக்காரியும் பார்த்தாள். பழச்சாறுக்காரிகளும் பார்த்தார்கள். எங்களுக்காக ஒன்றைச் செய்து தந்தால் அதிலும் நொட்டை சொல்கிற சனம் என்று நினைக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. விழுங்குகிற கலை தானாகவே கைகொடுத்தது.

மிகவும் வடிவாக இருக்கிறதாம், நன்றி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

குறிப்புப் புத்தகக்காரிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் கதைத்தாரே, மாற்றவேண்டியது ஏதும் இல்லையா என்று கேட்டாள். மாமாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒன்றுமில்லை என்றேன். அவள் மாமாவுக்குக் கிட்ட வந்து, சரிதானா ஐயா என்று அவரையே ஆங்கிலத்தில் கேட்டாள்.

மாமாவின் கை தகட்டில்தான் இருந்தது. மூக்கில்லாத மனுசியை இன்னொருக்கால் தடவினார். பிறகு, "வெரி நைஸ்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மாமாவுக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் நல்ல நேரத்தில் வாயில் வந்தன என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் அங்கே கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு வந்தேன்.

இலையுதிர் காலத்தில் தகட்டைச் சுவரில் பூட்டினார்கள். மாதிரி எப்படியோ அப்படியே, இரும்பில். றிபன் வெட்டினார்கள். அம்மா என்னையும் மாமாவையும் அதன் பக்கத்தில் நிற்கவிட்டுப் படம் எடுத்து, விட்பியில் இருந்த சித்திக்கும் அனுப்பினார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மாமாவும் அந்தத் தரிப்பிடத்தில் நின்றோம். மூச்சு விட்டால் புகை. ஒரு தாய், ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கையில் சின்ன வெள்ளைப் பிரம்பு. இந்தச் சுவரைக் காட்டவென்றே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கதைத்ததில் தெரிந்தது. பிள்ளை ஆசையோடு கையுறையைக் கழற்றித் தகட்டில் உள்ளங்கையை வைத்தது. வீரிட்டுக்கொண்டு இழுத்தது. கையுறையைப் போட்டுத் திரும்பவும் தடவியது. இதில் ஒன்றும் இல்லையே அம்மா என்றது. மெதுவாகப் பார் என்றாள் தாய். பிள்ளை ஒற்றை விரலை வெளியே எடுத்து மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டது.

மாமா அந்த அழுகையின் பக்கம் நடந்தார். நடந்துபோய் ஆங்கிலத்தில் கதைத்தார். தட்டாமல், தடுமாறாமல், எங்கள் ஊர் இழுப்போடு. ஆனி மாதம் மத்தியானத்தில் வா, தகடு இளஞ்சூடாக இருக்கும், கழுத்து வரைக்கும் கோட் போட்ட ஒரு மனுசி இருக்கிறாள், அவளுக்கு மூக்கு அகப்படாது, அது உன் விரலின் பிழையில்லை என்றார். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தது.

தாய்க்குக் கோபம். குளிருக்கு இது உதவாது என்று இதைப் பூட்டியவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

அவர்கள் கேட்கத்தான் கேட்டார்கள் என்றார் மாமா ஆங்கிலத்தில். நான்தான் சரியாகச் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

நான் பனியைச் சப்பாத்தால் கிண்டிக்கொண்டு நின்றேன். பத்து நாட்டுச் சனத்தோடு தொழிற்சாலையில் அத்தனை வருடம் நின்ற மனுசன் எந்தப் பாசையில் கதைத்திருப்பார்? ஒருநாளாவது அதை யோசித்தேனா? அவர் அன்றைக்கு மண்டபத்தில் எல்லாவற்றையும் கேட்டு விளங்கியிருக்கிறார், என் பெயரைக் கூப்பிட்ட பிள்ளைகளின் குரலையும் சேர்த்து. எனக்கு அந்தப் பிள்ளையின் விரல் பெரிதாகத் தெரியவில்லை. மாமா அம்மாவிடம் சொல்லிக்கொடுத்துவிடுவாரோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. வெட்கங்கெட்டவள். அவர் சொல்லவேயில்லை. கிழமைகள் போகப்போக, தப்பித்தேன் என்று நிம்மதியாகிவிட்டேன்.

அந்த மண்டபத்துக்குப் போய்வந்த நாளுக்குப் பிறகு, மாமா தனக்காகக் கதைக்க என்னை ஓரிடத்துக்கும் கூட்டிப்போகவில்லை. கண் வைத்தியரிடம் தனியாகவே போய்வந்தார். இவளைக் கொண்டுபோங்கோ என்று அம்மா தள்ளும்போதெல்லாம், "அவளை விடு, படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிரம்பை எடுத்துக்கொண்டு ஊரில் வேலிப் படலையைத் திறப்பதுபோல மெல்லக் கதவைத் திறந்து போவார். நான் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்தேன். என் படிப்பில் எங்கள் மாமாவுக்கு எவ்வளவு அக்கறை தெரியுமா என்று வகுப்பில் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன்.