ஸ்டாண்டு வாங்காத கோமதி

கோமதி இறந்த செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து மயிலம் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூங்கொத்துக்குக் கீழே, 'நம் வணிகவியல் துறை கோமதி மேடம் டெங்குவால் காலமானார்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக. கைகளுக்கு நடுவே எங்களோடு வேலை பார்க்கும் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: 'வெயிட் தூக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே.' டெங்குக் கொசு வெயிட் தூக்குகிறவர்களாகப் பார்த்துத்தான் கடிக்கும் போலிருக்கிறது. அழுகை வருவதற்கு முன் எனக்குக் குமட்டல்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை. அவளை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் அவளும் அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். விழுப்புரம் பக்கம் காணை கிராமத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. அண்ணன் விழுப்புரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறான். 'எனக்கு இடுப்பு வலிங்க, அப்பாவ தூக்க முடியாது' என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஒதுங்கிக்கொண்ட புண்ணியவான். கல்யாணம் ஆகாத தங்கைக்கு இடுப்பே கிடையாதென்று நினைத்தான் போலும். ஒருநாள் குளியலறையில் கோமதி அப்பாவைத் தூக்கும்போது கால் மடங்கி இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் காலில் பலம் வேண்டுமென்று தோன்றியது.

ஊரில் ஒரு ஜிம்முக்குப் போனாள். உரிமையாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீசுக்கு டிரெட்மில் போதும் மேடம், ஜல்தியா எளச்சிடுவீங்க" என்றாராம். காலுக்கு வெயிட் பழகணும் என்று இவள் கேட்டதற்கு, கம்பியைத் தோள் உயரத்தில் தாங்கி நிற்கும் ஸ்குவாட் ஸ்டாண்டு ஜென்ட்சுக்கு மட்டும் என்று பதில். மறுவாரமே ஒரு பழைய கம்பியும் அதில் மாட்டும் எடைத் தட்டுகளும் வாங்கி வீட்டில் போட்டுவிட்டாள். முதலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் கம்பியை வைத்துப் பார்த்தாள். நாற்காலி மல்லாந்ததுதான் மிச்சம்.

அவள் வீட்டுக்கு நான் போனபோது நாற்காலியை விட்டிருந்தாள். கம்பியைத் தரையிலிருந்து முட்டிக்கு மேல் வரை எடுப்பாள். அப்படியே தாழ்ந்து தொடைமேல் அதைச் சாய்த்துக்கொள்வாள். பிறகு இரண்டு முழங்கை மடிப்பிலும் அதை ஏந்திக்கொண்டு எழுவாள். ஏந்தியபடியே உட்கார்ந்து எழுவதுதான் பயிற்சி. உறுத்தாமலிருக்கக் கம்பியில் ஒரு பழைய துண்டு.

"வெல்டிங் பட்டறையில சொன்னா ஒரு ஸ்டாண்டு அடிச்சுக் குடுத்துடுவானேடி, எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றேன்.

"எங்கப்பா இன்னா ஸ்டாண்டு மேலயா ஒக்காந்துக்கினு இருக்காருக்கா, தோள்ல வாங்கிக்க? கட்டில்ல கெடக்குறாரு. கீழேர்ந்துதான் எடுத்தாவணும்."

 பக்கத்து அறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு சின்ன சத்தத்துக்கே அவருக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால் அத்தனை கனத்தையும் அவள் ஒரு 'டொக்' கூட கேட்காமல் தரையில் வைப்பாள். "எறக்கத் தெரியாதவ தூக்கவே கூடாதுக்கா" என்பாள்.

முழங்கை மடிப்பில் கன்றிப்போயிருக்கும். ஆசிரியர் அறையில் அதற்கொரு கதை கட்டினார்கள். இங்கே எழுதக் கை கூசுகிறது. வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிய அதே பேராசிரியர் ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "கனம் தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும் மேடம்" என்றார். கோமதி நிமிர்ந்தாள்.

"உங்க வூட்டுல தண்ணி கேன் யாரு சார் தூக்குறது?"

"ஒய்ஃப்தான்."

"அவங்களுக்கு எறங்கலீங்களா சார்?"

அன்றைக்கு அவர் சாப்பிடாமலே டப்பாவை மூடினார். எனக்கு இரட்டைச் சோறு இறங்கியது.

அப்பாவைப் பார்க்க வரும் உறவினர்கள் வாசலிலேயே மூக்கில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். 'பாவம்' என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனபின் கோமதி அவர் துணியை அலசிக்கொண்டே சொன்னாள்: "நாத்தம் சோப்பு போட்டா போயிடும்க்கா. பாவம் பாவம்னு கொட்டிட்டுப் போறாங்களே, அத எதப் போட்டுக் கழுவுறது?"

அவள் சாவு வீட்டிலும் அந்தக் குப்பைக்குக் குறைவில்லை. தெருமுனையில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். அவளைத் திருப்பி அனுப்பிய அதே ஜிம் வைத்தது. 'எங்கள் ஜிம்மின் இரும்புப் பெண்மணி' என்று எழுதி, கல்லூரி அடையாள அட்டையிலிருந்த அவள் தலையை வெட்டி, யாரோ ஒரு வெள்ளைக்காரியின் அரைகுறை உடை உடம்பில் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவளைவிடப் பெரிதாக, காதில் செல்போனோடு உரிமையாளர். அண்ணன் அதை அண்ணாந்து பார்த்து, "கிராண்டா பண்ணிருக்காங்க இல்லீங்க?" என்றான். கூசாமல் கேட்டான். அவன் மனைவி செல்விதான் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து கயிற்றை அறுத்தாள். நான் மறுபக்கத்தை இழுத்தேன்.

எடுக்கும் நேரத்தில் அப்பாவை மகள் முகம் பார்க்க அழைத்துவரச் சொன்னார்கள். நான்கு ஆண்கள் உள்ளே போனார்கள். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். பாடையில் ஏற்றுவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடு வழியில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. "யோவ், செம கனம்யா கெழவன்" என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள். செல்வி ஓடிப்போய்த் துண்டைப் போர்த்தினாள். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தும் திறக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் திறந்தார். அத்தனை பேர் கூடி, ஒரு மனிதனை அவன் மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் செய்தார்கள். 

அப்பா இப்போது விழுப்புரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கம்பியைப் பழைய இரும்புக்குப் போடப் போனான் அண்ணன். நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கோமதியுடையதென்று என்னிடம் இருப்பது அந்தக் கம்பியும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்தான். மற்ற நாட்களில் வீட்டில் கம்பியைத் தரையிலிருந்து எடுத்துப் பழகுகிறேன். ஞாயிறன்று விழுப்புரம் போகிறேன்.

போன வாரம்தான் முதல்முறையாக அவரைத் தூக்கினேன். ஈரத்தில் கிடந்தார். அண்ணன் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தான். செல்வி கால்களை ஏந்திக்கொண்டாள். நான் முதுகுக்கும் தொடைக்கும் அடியில் கைகளைக் கொடுத்து, கோமதி செய்வதுபோலத் தாழ்ந்து எழுந்தேன். மனிதர் மெலிந்திருந்தார், ஆனாலும் கனம். அவர் வாய் என் காதருகே இருந்தது. குழறலாகக் கேட்டார்:

"எம்பொண்ணு மூஞ்சி எப்டிம்மா இருந்துச்சு?"

"பவுடர அப்பி வச்சிருந்தாங்கப்பா. அவ பாத்திருந்தா எல்லாரையும் திட்டிருப்பா."

பாதி வாயால் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. அவர் கனம் என் முழங்கை மடிப்பில் ஏறிக்கொண்டே போனது. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது.

"எறக்கிடுங்கக்கா" என்றாள் செல்வி.

அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றேன்.