எனக்கு நீங்க என்ன உறவு?

வென்செஸ்லாவோ அர்போனா என்ற பெயரை இசவுரா முதன்முதலில் கேட்டது ஒன்பது வயதில். மகன் வக்கீலுக்குப் படித்துவிட்டு தலைநகர் சான் ஹுவானிலிருந்து வருகிறான் என்று காப்பித் தோட்டத்து ரமீரோ அர்போனா வீட்டில் முழுப் பன்றியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மலையடிவாரம்வரை வந்தது.

"வந்திருக்கிறது உன் அண்ணன்தான். அப்பன் ஒண்ணு, ஆத்தா வேற. இத யார்கிட்டயாவது சொன்னே, நாக்க இழுத்துவெச்சு அறுத்துருவேன்," என்றாள் அம்மா லியோனோர். அந்த வீட்டுக்குத் துணி துவைத்தவள் அவள். இசவுராவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருந்தது.

வென்செஸ்லாவோ கோயிலுக்கு எதிர்மாடியில் அலுவலகம் போட்டார். ஊருக்கு அவர் ஒருவர்தான் நோட்டரி. நோட்டரியானவர் தன் ரத்த உறவுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூடாது. நாலு தலைமுறைக் கணக்குவரை பார்க்க வேண்டும். அதனால் யார் படியேறி வந்தாலும் முதலில் "எனக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்பார். பாட்டனார், பாட்டனாரின் தம்பி என்று விரல் மடக்கி எண்ணுவார். கணக்கு இடித்தால் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிடுவார். அந்த ஊரில் பாதிப்பேர் அர்போனாக்களுக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

"நம்ம பத்திரத்துக்கு ஆகாதவன் நம்ம விருந்துக்கு மட்டும் எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அவரை ஒதுக்கிவிட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு அழைப்பில்லை, கல்யாணத்துக்கு அழைப்பில்லை. அவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அம்மா போன பிறகு கிறிஸ்துமஸ் இரவில் அந்த மாடியில் ஒரே ஒரு தட்டுதான்.

இப்படி நாற்பத்தொரு வருஷம் ஓடியது. இசவுராவை ஞானஸ்நானத்தில் கையிலேந்திய ஞானத்தாய் ப்ரொவிடென்சியாவுக்கு எண்பத்தெட்டு வயது. தான் இருந்த வீட்டையும் மனையையும் இசவுராவுக்கே எழுதிவைக்க ஆசைப்பட்டாள். மலைப்பாதையில் பக்கத்து ஊருக்குப் போக அவளால் ஆகாது. வேறு வழியில்லாமல் இருவரும் அந்த மாடிப்படி ஏறினார்கள். சாட்சிக்கு முடிவெட்டும் செயோ வந்தான்.

"எனக்கு நீங்க என்ன உறவு?"

"ஒண்ணுமில்லீங்க, வக்கீலய்யா," என்றாள் இசவுரா. அம்மா செத்துப் பதினோரு வருஷமாகியும் அந்தப் பயம் போகவில்லை.

அவர் பத்திரத்தை உரக்க வாசித்தார். எல்லோரும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை விழுந்ததும் செயோ சிரித்தான்.

"ஊரையே வெரட்டிவிட்டீங்க, கடைசில தங்கச்சிக்குன்னதும் முத்திரை தானா விழுதே! ரத்தம் இழுக்கத்தானே செய்யும்?"

அவருக்குத் தெரியும் என்றே அவன் நினைத்திருந்தான். ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் இதெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில் காதோடு காதாகச் சொல்கிற சங்கதி. அவரைத்தான் யாரும் பந்தியில் உட்காரவைத்ததில்லையே.

அவர் இசவுராவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லிருடி," என்றாள் ப்ரொவிடென்சியா. இசவுரா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஐயய்யோ, கிழிச்சுப் போட்ருங்கய்யா. நான் ஒண்ணும் பேசல," என்றான் செயோ.

"நம்பர் போட்ட தாள், செயோ. கிழிக்க முடியாது."

அந்தப் பத்திரம் செல்லாது. மறுநாளே போன்சே நகரத்து நோட்டரி ஒருவரை அவர் தன் காரில் கூட்டிவந்தார். ப்ரொவிடென்சியாவின் கட்டிலருகே எல்லாம் புதிதாக எழுதப்பட்டது. அவர் மட்டும் உள்ளே வரவில்லை. ஈரப்பலா மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இசவுரா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீதிமன்றத்துக்கு எழுதிப் போடப் போறேம்மா. ரத்த உறவுக்கு எழுதிட்டேன்னு."

"எங்கம்மா சாகிறவரைக்கும் மூடிவெச்சத நீங்க எதுக்கு ஏட்டுல ஏத்தணும்? வீடுதான் சரியாயிருச்சே!"

"நேத்து தெரியாமப் போட்ட கையெழுத்து. இன்னைக்குத் தெரியும். சும்மா இருந்தா, இனி நான் போடுற ஒவ்வொண்ணும் பொய்யாயிரும்." காப்பியைக் கையிலேயே வைத்திருந்தார். "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒன்பது வயசுலேர்ந்து."

"யாராவது என்கிட்டயும் சொல்லியிருக்கலாம்," என்றார்.

கடிதத்தில் "என் தங்கை இசவுரா" என்று எழுதினார். நீதிமன்றம் ஆறு மாதம் நோட்டரி உரிமையை நிறுத்திவைத்தது. ஆய்வாளர் வந்து நாற்பத்தொரு வருஷத்துப் பத்திரத் தொகுதிகளையும் முத்திரையையும் எடுத்துப்போனார். காதோடு காதாக இருந்த சங்கதி தீர்ப்போடு ஊரெல்லாம் பகிரங்கமானது. சந்தையில் இசவுரா போனால் பேச்சு நின்றது. மூன்று வருஷம் அவள் கோயிலில்கூட அவர் பக்கம் திரும்பவில்லை. ஆறு மாதம் கழிந்தும் அவர் முத்திரையைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை.

பத்திரம் எழுதுவது நின்ற பிறகாவது சொந்தக்காரர்கள் கூப்பிட்டிருக்கலாம். பழக்கம் விட்டுப்போயிருந்தது; யாரும் கூப்பிடவில்லை.

நாலாவது கிறிஸ்துமஸில் இசவுரா வாழையிலையில் கட்டி வேகவைத்த பஸ்தேலெஸ் ஆறு எடுத்துப்போய், படிக்கட்டின் அடியில் வைத்து, கதவைத் தட்டிவிட்டு, அவர் இறங்கி வருவதற்குள் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அப்படித்தான். இதுவரை மேலே ஏறியதில்லை.

வென்செஸ்லாவோவுக்கு இப்போது எண்பத்துநாலு வயது. கோயிலுக்கு எதிரே, அதே மாடியில், தனியாக இருக்கிறார்.