தரை காயாத வீடு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நாட்டு நலப்பணி முகாமுக்காக எங்களைக் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஊருக்கு அனுப்பினார்கள். குறைந்த செலவில் வீடு கட்டிக்கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஏழு நாள் கைவேலை. சான்றிதழ் கிடைக்கும் என்றுதான் நான் பெயர் கொடுத்திருந்தேன்.

ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்கும் அவர் மனைவிக்குமான வீடு அது. பிள்ளைகள் இல்லை. பின்பக்கம் தார்ப்பாய் போட்ட குடிசையில் இருவரும் இருந்தார்கள். அவர் காலையில் பால் வெட்டி முடித்துவிட்டு எங்களோடு வந்து நிற்பார்.

"மெதுவா தூக்கு மக்களே. கல்லு எங்கயும் ஓடிப்போவாது" என்பார். அந்த ஊரில் ஒரே ஒருவரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூரை முன்பே போட்டிருந்தார்கள். நான்காம் நாள் முன்னறைக்குத் தரை போட்டோம். ஐந்தாம் நாள் காலை அவர் வரவில்லை. நான் ஓஸ் பிடித்துச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியை எல்லோரையும் கூப்பிட்டு, அவர் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்று சொன்னார். இரண்டு பெண்கள் அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி போய்ச் சுவரை நனைத்தேன். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

மதியம் ஆம்புலன்ஸ் வந்தது. குளிர்பெட்டி குடிசை வாசலில் நுழையவில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள், அப்படியும் முடியவில்லை. அவர் மனைவி அங்கிருந்து நடந்து வந்து புதுவீட்டு வாசலில் நின்றார். பக்கத்தில் இருந்தது நான்தான்.

"தரை ஒணங்கிச்சா மக்களே?"

குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. "மேல காஞ்சிருக்குக்கா" என்றேன்.

கொத்தனார் தலையை ஆட்டினார். "நேத்துத்தான போட்டது. பெட்டி கனத்துக்குப் பொட்டி விரிசல் விட்டுரும்."

"பின்ன எங்க கெடத்த?"

கொத்தனார் போய்ப் பலகைகளை எடுத்துவந்தார். நாங்கள் சிமெண்ட் மூட்டை, சல்லடை, வாளி எல்லாவற்றையும் வெளியே தூக்கிவைத்துவிட்டுப் பெருக்கினோம். மூலையில் ஒட்டியிருந்த சாந்தை நான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். பலகைமேல் பெட்டியை வைத்தார்கள். அந்த வீட்டுக்குள் முதலில் வந்து தங்கியது அவர்தான்.

மறுநாள் அடக்கம். போதகர் ஜெபித்தார், சபையார் பாடினார்கள். நாங்கள் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தோம். எத்தனை பேருக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது.

பலகையை எடுத்தபோது தரையில் ஒரு விரிசல், சுவரிலிருந்து அறையின் நடுவரைக்கும். கொத்தனார் குந்தி உட்கார்ந்து அதன்மேல் விரலை ஓட்டினார். கடைசி நாள் சாந்து வைத்து அடைத்தார். நான் கரண்டி எடுத்துக்கொடுத்தேன். அந்த அக்கா கதவு மாட்டாத வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார்.

நிறைவு விழாவில் அனுபவம் சொல்ல என்னை மேடையேற்றினார்கள். நிறையக் கற்றுக்கொண்டோம் என்றேன். கைதட்டினார்கள். வீட்டில் அம்மா கேட்டபோது, "நல்லா இருந்துச்சு" என்றேன். துணிகளை ஊறவைத்துவிட்டுத் தூங்கினேன்.

வீட்டுப் பத்திரத்தில் இறந்தவர் பெயரை எடுத்து மனைவி பெயரைச் சேர்க்கச் சில மாதங்கள் ஆயின. குடிபுகுந்த அன்று எங்களில் நான்கு பேர் போனோம். அந்த அக்கா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்திருந்தார். முன்னறையில் பாய் விரித்து உட்காரவைத்தார்.

"இன்னும் கொறச்சு கூட போடட்டா?"

"போடுங்கக்கா."

கறியில் உப்பு தூக்கலாக இருந்தது. தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கை கழுவிவிட்டு, நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க நடந்தோம்.